மருந்தகத்தில் கூட்டம் பெருகும்போது: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

மருந்தகத்துக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை கூடத் தொடங்கியதும் பெரும்பாலான இடங்களில் முதலில் நடப்பது ஒன்றுதான்: கவுன்டரில் இருப்பவர்கள் கையை வேகப்படுத்துவார்கள். அது சில வாரங்கள் தாங்கும். பிறகு சீட்டைப் படிக்கும் நேரம் குறையும், நோயாளியிடம் பேசும் நேரம் குறையும், ஒரு நாள் தவறான பெட்டி கைமாறும். மருந்தகத்தில் இடத்தைக் கூட்டலாம், இருப்பைக் கூட்டலாம், ஆளைக்கூடக் கூட்டலாம். சரிபார்க்கும் மருந்தாளுநரின் கவனத்தை மட்டும் அப்படி இழுத்து நீட்ட முடியாது. ஆகவே கவுன்டரில் நடக்கத் தேவையில்லாத வேலைகளை அங்கிருந்து நகர்த்துங்கள். சரிபார்ப்புக்கான நிமிடங்களில் கை வைக்காதீர்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் செய்வதற்காகத்தான். எதை எந்த வாரத்தில் தொடங்குவது என்பது 10-ம் பகுதியில் இருக்கிறது; அந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். அளந்து பார்க்கும் முன்பே ஆள் எடுப்பதும், இருப்பைச் சரிசெய்யும் முன்பே வீட்டு விநியோகம் தொடங்குவதும் வேலையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

எதை முன்கூட்டியே பொட்டலமிடலாம், எந்த மருந்தை வீட்டுக்கு அனுப்பலாம், உதவியாளர் எதுவரை செய்யலாம் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். ஒவ்வொரு படிக்கும் முன் உங்கள் உரிம விதிகளை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

1. முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் அளந்து பாருங்கள்

"கூட்டம் தாங்கவில்லை" என்ற எண்ணத்தை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. ஒவ்வொரு மருந்துச் சீட்டோடும் ஒரு துண்டுத் தாளைக் கிளிப்பில் சேர்த்து, அதில் ஐந்து நேரங்களைக் குறியுங்கள்: சீட்டு கைக்கு வந்தது, மருந்தாளுநர் படித்து ஒப்புக்கொண்டது, மருந்தை எடுத்து லேபிள் ஒட்டியது, இறுதிச் சரிபார்ப்பு முடிந்தது, நோயாளி கையில் கொடுத்தது. அதே தாளில் எத்தனை மருந்துகள், புதுச் சீட்டா அல்லது மாதாமாதம் வாங்கும் மருந்தா, ஏதாவது இருப்பில் இல்லையா என்பதையும் எழுதுங்கள்.

சீட்டில்லாமல் வருபவர்களுக்கும் தொலைபேசி அழைப்புகளுக்கும் தனித்தாள் போதும். மணிக்கு ஒரு கட்டம், வந்தவருக்கு ஒரு கோடு. அழைப்புகளில் "என் மருந்து வந்துவிட்டதா" என்று கேட்பவற்றைத் தனியாக எண்ணுங்கள். அந்த எண் பின்னால் மிகவும் பயன்படும்.

தாள்களை அடுக்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு விஷயம் தெரியவரும். ஒரு சீட்டுக்கான கைவேலை சில நிமிடங்கள்தான். மீதி நேரமெல்லாம் கூடை ஏதோ ஒரு மேசையில் சும்மா கிடக்கிறது. எந்த மேசையில் கிடக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. பில் போடும் மென்பொருளின் நேரத்தை மட்டும் நம்பினால், வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். இன்னொன்று, நாள் சராசரி. காலை பத்து மணிக்கு மூச்சுவிட நேரமில்லாமலும் மதியம் மூன்றுக்கு வெறிச்சோடியும் இருக்கும் கடையின் சராசரி "பரவாயில்லை" என்றுதான் காட்டும். அரைமணி அரைமணியாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டு வாரம் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு: சம்பள நாள், அருகில் உள்ள மருத்துவர்களின் விடுமுறை நாள் போன்ற ஏற்ற இறக்கங்கள் ஒரு வாரத்தில் அடங்காது.

2. உச்ச நேரச் சுமையைக் கணக்கிடுங்கள்

உச்ச நேரத்தில் ஒரு மணிக்கு வரும் சீட்டுகளை, ஒரு சீட்டுக்கு ஆகும் கைவேலை நிமிடங்களால் பெருக்குங்கள். அதை அந்த ஒரு மணியில் உங்களிடம் உள்ள ஆள்-நிமிடங்களால் (ஆட்களின் எண்ணிக்கை பெருக்கல் 60) வகுத்தால் சுமை விகிதம் கிடைக்கும். மருந்தாளுநரின் சரிபார்ப்புக்குத் தனியாகவும் மற்ற வேலைகளுக்குத் தனியாகவும் இதைப் போடுங்கள். இரண்டையும் கலந்தால், ஓய்வாக இருக்கும் உதவியாளர்கள் மருந்தாளுநரின் நெருக்கடியைக் கணக்கில் மறைத்துவிடுவார்கள்.

இந்த விகிதம் ஏறும்போது காத்திருப்பு அதே அளவில் ஏறுவதில்லை. ஒரே ஆள் பார்க்கும் கவுன்டர், ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் கூடிக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசைக் கோட்பாட்டின் எளிய சூத்திரப்படி, சுமை 50 சதவீதமாக இருந்தால் சராசரிக் காத்திருப்பு ஒரு சீட்டுக்கான நேரம் அளவுக்கு இருக்கும். 80 சதவீதத்தில் அது 4 மடங்கு, 90-ல் 9 மடங்கு, 95-ல் 19 மடங்கு. ஒரு சீட்டுக்கு 4 நிமிடம் என்றால் முறையே 4, 16, 36, 76 நிமிடங்கள். உச்ச நேரம் ஒன்றிரண்டு மணியில் தணிந்துவிடுவதால் உண்மையில் இவ்வளவு ஆகாமல் போகலாம், ஆனால் போக்கு இதுதான்.

இதைத் தலைகீழாகப் படியுங்கள். 90 சதவீதம் என்பது மணிக்கு 54 நிமிட வேலை, 80 சதவீதம் என்பது 48 நிமிட வேலை. உச்ச நேரத்தில் மணிக்கு வெறும் 6 நிமிட வேலையை, அதாவது ஒன்றரைச் சீட்டை, வேறு நேரத்துக்கு நகர்த்தினாலே காத்திருப்பு பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. வேகமாக வேலை செய்யும்படி ஊழியர்களை விரட்டுவதைவிட வேலையை நகர்த்துவது ஏன் நல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மருந்தாளுநரின் சுமை உச்ச நேரத்திலும் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலி எத்தனை போடுவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த விதிப்படி, கடைக்குள் சராசரியாக இருக்கும் ஆட்கள் எண்ணிக்கை என்பது வரும் வேகத்தையும் ஒருவர் உள்ளே இருக்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. மணிக்கு 30 பேர், ஒவ்வொருவரும் 12 நிமிடம் என்றால் சராசரியாக 6 பேர் உள்ளே இருப்பார்கள்.

3. ஒரே வரிசையை மூன்றாகப் பிரியுங்கள்

இருமல் மருந்து ஒன்று வாங்க வந்தவரும், எட்டு மருந்துகள் கொண்ட புதுச் சீட்டோடு வந்தவரும் ஒரே வரிசையில் நின்றால் இருவருக்கும் கஷ்டம். சீட்டு வாங்கும் இடம், தயாரான மருந்தைக் கொடுக்கும் இடம், சீட்டில்லா விற்பனை என மூன்றாகப் பிரியுங்கள். இடம் குறைவு என்றால் ஒரே மேசையில் இரண்டு பலகை வைத்தாலும் போதும். சீட்டைக் கொடுத்தவருக்கு டோக்கனும் உண்மையான நேரமும் சொல்லுங்கள். "இதோ ஐந்து நிமிடம்" என்று சொல்லி இருபது நிமிடம் உட்காரவைத்தால் அவர் நான்கு முறை எழுந்து வந்து கேட்பார். ஒவ்வொரு கேள்வியும் யாரோ ஒருவரின் சரிபார்ப்பை நடுவில் வெட்டும்.

சீட்டை வாங்கும்போதே முடிக்க வேண்டிய கேள்விகள் இவை: முழுப்பெயர், பிறந்த தேதி, ஒவ்வாமை, இப்போது எடுக்கும் மற்ற மருந்துகள், குழந்தை என்றால் எடை, பெண்களிடம் பொருத்தமான இடத்தில் கர்ப்பமா, தாய்ப்பால் கொடுக்கிறாரா என்பது. இவற்றைக் கடைசியில், மருந்தைக் கொடுக்கும்போது கேட்டால், பிரச்சினை இருக்கும் சீட்டு முதலிலிருந்து திரும்ப ஓட வேண்டியிருக்கும்.

சீட்டில்லா வரிசையை "விரைவு வரிசை" என்று பெயரிட்டுவிட்டுக் கேள்வி கேட்காமல் விற்கத் தொடங்குவது பெரிய ஆபத்து. யாருக்கு, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, ஏற்கெனவே என்ன எடுத்தார், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் ஆகிய ஐந்து கேள்விகளும் அங்கேயும் கட்டாயம். சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்திருக்கும். அதோடு தனியாகப் பாராசிட்டமாலும் வாங்குபவர், பெரியவர்களுக்கான 24 மணி நேர உச்ச வரம்பான 4 கிராமைத் தெரியாமலே தாண்டிவிடலாம். கைக்குழந்தை, கர்ப்பிணி, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ரத்தம் கலந்த சளி அல்லது மலம் என்று எதைக் கேட்டாலும் உதவியாளர் உடனே மருந்தாளுநரிடம் அனுப்ப வேண்டும். இந்தப் பட்டியலைக் கவுன்டரின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.

4. மாதாந்தர மருந்துகளை ஒரே நாளுக்குக் கொண்டுவாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ரத்த அழுத்தம், நீரிழிவு, தைராய்டு, கொழுப்பு ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் எப்போது வருவார்கள், என்ன வாங்குவார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். அப்படியிருந்தும் மூன்று மருந்துக்கு மூன்று வெவ்வேறு நாளில் வந்து, அதுவும் உச்ச நேரத்தில் வரிசையில் நிற்கிறார்கள். தெரிந்தே வரும் இந்த வேலையை அமைதியான நேரத்துக்கு மாற்ற முடியும்.

முதலில் மூன்று மாத விற்பனைப் பதிவிலிருந்து, மாறாத அளவில் தொடர்ந்து வாங்குபவர்களைப் பட்டியலிடுங்கள். எல்லோரையும் ஒரே நேரத்தில் சேர்க்காதீர்கள். வாரத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் போதும். கவுன்டருக்கு வரும்போது நேரில் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

அடுத்தது நாளை இணைப்பது. ஒருவரிடம் முதல் மருந்து 4 நாளுக்கும், இரண்டாவது 11 நாளுக்கும், மூன்றாவது 19 நாளுக்கும் மீதி இருக்கிறது. இருப்பதிலேயே தொலைவில் உள்ள 19-வது நாளை இணைப்பு நாளாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மருந்தில் 15 நாளுக்கும் இரண்டாவதில் 8 நாளுக்கும் மட்டும் இப்போது கொடுத்தால், 19-வது நாளில் மூன்றும் ஒன்றாகத் தீரும். அதன் பிறகு மூன்றும் எப்போதும் ஒரே நாளில். வீட்டில் எத்தனை மீதி என்பதை மென்பொருளில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். பழைய அட்டைகள் அலமாரியில் கிடப்பது பலருக்கும் நினைவிருக்காது.

சுழற்சி 28 நாளா 30 நாளா என்பதை அட்டையின் அளவைப் பார்த்துத் தீர்மானியுங்கள். 28 நாள் என்றால் எப்போதும் அதே கிழமையில் விழும், திட்டமிட எளிது. ஆனால் மருந்துகள் 10 அல்லது 15 கொண்ட அட்டைகளாக வரும் இடத்தில் 28-க்காக வெட்டினால் ஒவ்வொரு முறையும் இரண்டு மாத்திரை மிஞ்சும். வெட்டிய துண்டில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாமல் போகும். அப்படிப்பட்ட இடத்தில் 30 நாளே நல்லது. கிழமை இரண்டு நாள் தள்ளிப்போவதை நாட்காட்டியில் சமாளித்துக்கொள்ளலாம்.

நோயாளிகளைப் பரவலாக வையுங்கள். வாரத்தில் ஆறு நாள் திறக்கும் கடைக்கு 28 நாள் சுழற்சியில் 24 வேலை நாட்கள். கூட்டம் மிகுந்த திங்கட்கிழமைகள் நான்கையும் விட்டுவிட்டால் 20. 360 பேர் இருந்தால் நாளுக்கு 18 பொட்டலம். இதை மதிய வேளையில், கதவருகே யாரும் காத்திருக்காதபோது நிதானமாகச் செய்யலாம்.

இணைப்பு நாளுக்கு 5 முதல் 7 நாள் முன் ஒரு தொலைபேசி அழைப்பு கட்டாயம். கேட்க வேண்டியவை: மருத்துவர் அளவை மாற்றினாரா, மருத்துவமனையில் சேர்ந்தாரா, வேறு எங்காவது புது மருந்து வாங்கினாரா, இன்னும் எத்தனை மீதி. எதிர்பார்த்ததைவிட நிறைய மீதி இருந்தால் அவர் மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிடுகிறாராக இருக்கலாம். அதைத் திட்டாமல் கேட்டறிவது மருந்தாளுநரின் வேலை. அழைக்காமலே பொட்டலம் கட்டும் பழக்கம் வந்துவிட்டால் இந்த முறை பயனற்றது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட. நிறுத்தப்பட்ட மருந்து மாதாமாதம் வீடு போய்ச் சேரும்.

இவற்றைச் சுழற்சியில் சேர்க்காதீர்கள்: தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் வலி மருந்துகள், ரத்தப் பரிசோதனைக்கு ஏற்ப அளவு மாறும் வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து), ஆன்டிபயாடிக், சட்டக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் மீத்தோட்ரெக்சேட்டை ஒவ்வொரு முறையும் தனியாக, மருந்தாளுநர் கையால் கொடுப்பதே சரி. நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், டாபிகாட்ரான், சோடியம் வால்ப்ரோயேட் போன்றவை ஈரத்தாலோ காற்றாலோ கெடும். நேரவாரியாகப் பிரித்த பெட்டிகளில் இவற்றை மாற்றி நிரப்பக் கூடாது. தயாரிப்பாளரின் மூல உறையிலேயே இருக்க வேண்டும்.

தயாரான பொட்டலங்களை அகர வரிசையில் அடுக்காதீர்கள். ஒரே பெயர்கொண்ட இருவரின் பைகள் அடுத்தடுத்து வந்துவிடும். அலமாரித் தட்டுகளுக்கு எண் கொடுத்து, எந்த எண்ணில் எந்தப் பை என்பதைக் கணினியிலோ ஏட்டிலோ பதியுங்கள். குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டிய மருந்து இருந்தால் பையின் மேல் வண்ண அட்டை ஒட்டுங்கள், மருந்தை மட்டும் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். 10 நாளுக்குள் வாங்காத பைக்கு அழைப்பு, 14 நாளில் திரும்ப இருப்பில் சேர்ப்பது. இதற்கு ஒரு பொறுப்பாளரின் பெயரை எழுதி வைக்காவிட்டால் அலமாரி இரண்டே மாதத்தில் நிரம்பிவிடும்.

5. இருப்பைக் கணக்குப்படி வையுங்கள்

"இது இல்லை, நாளைக்கு வாங்க" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு வாடிக்கையாளர் இரண்டு வாடிக்கையாளராகிறார். இரண்டாம் முறையும் வரிசையில் நிற்பார், நடுவில் ஒருமுறை தொலைபேசியிலும் கேட்பார். முதல் படியில் தனியாக எண்ணச் சொன்ன அழைப்புகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கின்றன.

எப்போது மறு ஆர்டர் போடுவது என்பதற்குச் சூத்திரம் எளியது: தினசரி விற்பனையை, சரக்கு வந்துசேர ஆகும் நாட்களால் பெருக்கி, அதோடு பாதுகாப்பு இருப்பை (விற்பனை திடீரென்று கூடினால் தாங்குவதற்கான கூடுதல் சரக்கு) கூட்டுங்கள். ஒரு மாத்திரை நாளுக்குச் சராசரி 12 அட்டை, திட்டவிலக்கம் (விற்பனை சராசரியிலிருந்து நாளுக்கு நாள் கூடிக் குறையும் அளவு) 4 அட்டை, சரக்கு வர 3 நாள் என்று வையுங்கள். 12 பெருக்கல் 3 என்பது 36. பாதுகாப்பு இருப்பு என்பது 1.65, 4, 3-ன் வர்க்கமூலம் (சுமார் 1.73) ஆகிய மூன்றையும் பெருக்கினால் வருவது, ஏறக்குறைய 11.4. மொத்தம் 48 அட்டையாகக் குறையும்போது ஆர்டர் போட்டால் சுமார் 95 சதவீத முறை சரக்கு வரும்வரை தட்டுப்பாடு வராது. உயிர்காக்கும் மருந்துகளுக்கு 1.65-க்குப் பதிலாக 2.33 போட்டு 99 சதவீதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சராசரி எடுக்கும்போது இருப்பில்லாத நாட்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். அந்த நாட்களில் விற்பனை பூஜ்யம் என்றிருப்பதால் சராசரி குறையும், குறைந்த சராசரியால் ஆர்டர் குறையும், மறுபடி தட்டுப்பாடு வரும். மென்பொருள் தானாகச் சொல்லும் ஆர்டர் அளவில் இந்தப் பிழை அடிக்கடி ஒளிந்திருக்கும்.

தட்டுகளில் முதலில் காலாவதியாவது முன்னால். காலாவதிக்கு 6 மாதம் இருக்கும்போது ஒரு வண்ணப் புள்ளி, 3 மாதத்தில் தனித்தட்டு. மூன்று மாதத்துக்கான மருந்தை ஒரே தடவையில் வாங்கும் நோயாளிக்கு, அவர் சாப்பிட்டு முடிக்கும் நாளையும் சேர்த்துப் பாருங்கள். தள்ளுபடிக்காக மொத்தமாக வாங்கும் முன், அந்தத் தள்ளுபடித் தொகை பணம் முடங்குவதாலும் காலாவதியாலும் வரும் நஷ்டத்தைவிடக் கூடுதலா என்று எழுதிக் கணக்குப் போடுங்கள். மெதுவாக நகரும் மருந்துகளில் பெரும்பாலும் இல்லை.

தட்டுப்பாட்டு அவசரத்தில் முன்பின் தெரியாத விற்பனையாளரிடம் வாங்கவே வாங்காதீர்கள். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்தில் ஒரு மருத்துவப் பொருள் தரமற்றதாகவோ போலியாகவோ இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மதிப்பிட்டது. உரிமம் பெற்ற மொத்த விற்பனையாளர் இருவரையாவது முன்கூட்டியே வைத்திருங்கள். சரக்கு வந்ததும் பில்லோடு பேட்ச் எண், காலாவதி, எண்ணிக்கை மூன்றையும் ஒப்பிடுங்கள்.

கூட்டம் கூடினால் குளிர்ப்பெட்டியும் நிரம்பும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையை, குறைந்தபட்சம் அதிகபட்சம் இரண்டும் காட்டும் வெப்பமானியில் நாளுக்கு இருமுறை பார்த்து எழுதுங்கள். பெட்டிகளைப் பின்சுவரில் ஒட்டி அடுக்கினால் அங்கே இன்சுலின் உறைந்துவிடும். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்குச் சரியாகத் தெரியலாம். இருந்தாலும் அதைக் கொடுக்கக் கூடாது.

6. நெரிசலிலும் சரிபார்ப்பைக் காப்பாற்றுங்கள்

ஒரு சீட்டுக்கு ஒரு கூடை. இரண்டு சீட்டுகளை ஒரே மேசைப்பரப்பில் பரப்பக் கூடாது. மருந்தை எடுத்தவர் வேறு, இறுதியாகச் சரிபார்ப்பவர் வேறு. தனியாளாக இருந்தால் எடுத்து முடித்ததும் கூடையைத் தள்ளிவைத்து, வேறொரு சிறு வேலை செய்துவிட்டு, சீட்டைப் புதிதாகப் படிப்பதுபோல் முதல் வரியிலிருந்து தொடங்குங்கள். எடுத்தவுடனே பார்த்தால், தான் எடுத்ததையே கண் உறுதிசெய்யும். பார்கோடு ஸ்கேன் செய்வது மருந்தும் வலிமையும் சரியா என்று காட்டும்; அந்த நோயாளிக்கு அது பொருந்துமா என்று காட்டாது.

சரிபார்க்கும் மேசையைச் சுற்றித் தரையில் ஒரு கோடு ஒட்டி, அதற்குள் நிற்பவரிடம் யாரும் பேசக் கூடாது என்று வையுங்கள். தொலைபேசி அங்கே இருக்கக் கூடாது. நடுவில் குறுக்கிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடராமல் அந்தச் சீட்டை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

அவசரத்தில் மாறும் மருந்துகள் பெரும்பாலும் பெயரோ உறையோ ஒத்தவை. ஹைட்ராக்ஸிசினும் ஹைட்ராலசினும் அடுத்தடுத்து இருக்கக் கூடாது. லெவோதைராக்ஸின் 25, 50, 100 மைக்ரோகிராம் உறைகள் ஒரே வடிவில் வந்தால் தட்டைப் பிரித்து எச்சரிக்கை அட்டை ஒட்டுங்கள். குழந்தைகளுக்கான பாராசிட்டமாலில் 5 மில்லியில் 120 மி.கி., 5 மில்லியில் 250 மி.கி., சொட்டு மருந்தாக 1 மில்லியில் 100 மி.கி. என்று பல செறிவுகள் உண்டு. லேபிளில் மில்லிகிராமோடு மில்லிலிட்டரையும் எழுதி, அளவு குறித்த சிரிஞ்சோ மூடியோ சேர்த்துக் கொடுங்கள். மூட்டுவாதத்துக்கான மீத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. லேபிளில் "வாரம் ஒருமுறை" என்பதோடு கிழமையையும் எழுதுங்கள்.

மருந்தைக் கொடுக்கும்போது பையை மூடிக் கொடுக்காமல், அவர் முன்னால் திறந்து ஒவ்வொன்றையும் காட்டி "இது எதற்கு என்று மருத்துவர் சொன்னார்?" என்று கேளுங்கள். "இது என் மாத்திரை இல்லையே" என்று நோயாளி சொல்லும் அந்த ஒரு வாக்கியம் பல பிழைகளைக் கடைசி நொடியில் பிடித்துவிடும். பெயரை நீங்கள் சொல்லி அவர் தலையாட்டக் கூடாது. அவரே பெயரையும் பிறந்த தேதியையும் சொல்ல வேண்டும். காது கேளாதவர்களும் பதற்றத்தில் இருப்பவர்களும் எந்தப் பெயருக்கும் தலையாட்டுவார்கள்.

கை நழுவி, கொடுக்கும் முன் பிடிபட்ட பிழைகளையும் ஏட்டில் எழுதுங்கள்: நேரம், மருந்து, எந்தக் கட்டத்தில் பிடிபட்டது. பெயர் எழுதச் சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள், ஆகவே பெயர் வேண்டாம். மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்தால், பிழைகள் எந்த மணியில், எந்தத் தட்டில் குவிகின்றன என்று தெரிந்துவிடும்.

7. ஆள் சேர்ப்பது

மேலே உள்ளவற்றைச் செய்த பிறகும் உச்ச நேரச் சுமை 80 சதவீதத்துக்கு மேலே நின்றால் ஆள் எடுங்கள். எந்த வகை ஆள் என்பதை இரண்டாம் படியின் கணக்கே சொல்லும். சரிபார்ப்பில் நெருக்கடி என்றால் இன்னொரு உதவியாளரால் பயனில்லை, கூடைகள்தான் மேலும் குவியும். முழுநேர ஆள் தேவையில்லாமல், உச்ச நேரமான மூன்று மணி நேரத்துக்குப் பகுதிநேர மருந்தாளுநர் போதுமானதாக இருக்கலாம். இருக்கும் ஆட்களின் வேலை நேரத்தை ஒருமணி முன்பின்னாக மாற்றினால் செலவே இல்லாமல் தீரவும் கூடும்.

புது ஆள் முதல் சில வாரங்கள் மற்றவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்வார் என்பதைக் கணக்கில் வைத்து, காய்ச்சல் பரவும் பருவத்துக்குக் குறைந்தது இரண்டு மூன்று மாதம் முன்பே எடுங்கள். சாப்பாட்டு இடைவேளையைக் கூட்டத்தின் பெயரால் வெட்டாதீர்கள். பசியோடு சரிபார்ப்பவரை நம்பி ஒரு நோயாளி மருந்து வாங்கிப் போகிறார்.

8. தொலைபேசி, குறுஞ்செய்தி, வீட்டு விநியோகம்

மருந்து தயாரானதும் செய்தி அனுப்பும் வழக்கத்தைத் தொடங்குங்கள். விசாரிக்கும் அழைப்புகள் குறையும். செய்தியில் மருந்தின் பெயரையோ நோயையோ எழுதாதீர்கள், "உங்கள் பொட்டலம் தயார்" என்பது போதும். படமாக அனுப்பிய சீட்டை வைத்துத் தயாரிக்கத் தொடங்கலாம், ஆனால் விதிகள் வேறுவிதமாக அனுமதிக்காதவரை மூலச் சீட்டைப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. தெளிவில்லாத படத்தை ஊகித்துப் படிக்க வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வீட்டு விநியோகம் கடைசியாகத் தொடங்க வேண்டியது. கவுன்டர் வேலை குறைவதுபோல் தெரிந்தாலும் பொட்டலமிடுதல், முகவரி, திரும்பி வரும் பை என்று புது வேலைகள் வரும். இணைப்பு நாள் உள்ள நோயாளிகளுக்கு மட்டும், வாரத்தில் குறித்த இரண்டு நாள் என்று ஆரம்பியுங்கள். குளிர்பதன மருந்துக்குக் காப்புப்பெட்டி வேண்டும். ஐஸ்கட்டியில் நேரடியாகப் படக் கூடாது. பெரியவர் ஒருவர் கையொப்பமிட்டு வாங்க வேண்டும், கதவில் தொங்கவிடக் கூடாது. புது மருந்து என்றால் அன்றே தொலைபேசியில் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

9. ஆவணங்களும் செலவும்

ஒவ்வொரு படியையும் தொடங்கும் முன் ஒரு பக்கச் செயல்முறைத் தாள் எழுதுங்கள்: யார், எப்போது, என்ன செய்வார், தவறினால் யாரிடம் சொல்வார். தேதியும் ஊழியர் கையொப்பமும் வேண்டும். அதோடு வைத்திருக்க வேண்டியவை: நோயாளிச் சம்மதப் படிவம், அழைப்புப் பதிவேடு, குளிர்ப்பெட்டி வெப்பப் பதிவு, காலாவதி மற்றும் திருப்பி அனுப்பியவை, பிழை ஏடு, கட்டுப்பாட்டு மருந்துகளின் இருப்புக் கணக்கு, விநியோகக் கையொப்பங்கள், ஊழியர் பயிற்சிப் பதிவு. கடையின் உள்ளமைப்பை மாற்றவோ, திறக்கும் நேரத்தை நீட்டவோ, வேறிடத்தில் சரக்கு வைக்கவோ பல நாடுகளில் உரிம அதிகாரியின் முன் அனுமதி தேவை. நேரத்தை நீட்டினால் அந்த நேரம் முழுவதும் மருந்தாளுநர் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். தச்சரை அழைப்பதற்கு முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

செலவில் பலர் விட்டுவிடுவது, தயாராகக் காத்திருக்கும் பொட்டலங்களில் முடங்கும் பணம். நாளுக்கு 18 பொட்டலம், ஒவ்வொன்றும் சராசரி 5 நாள் அலமாரியில் இருந்தால் எந்நேரமும் 90 பொட்டலத்தின் கொள்முதல் விலை அங்கே நிற்கிறது. இரண்டு நாள் முன்பு மட்டும் கட்டினால் அது 36 ஆகும். விநியோகத்துக்கு ஆகும் ஆள் நேரம், எரிபொருள், திரும்பி வந்த பைக்கான மறுவேலை மூன்றையும் கூட்டிப் பொட்டல எண்ணிக்கையால் வகுத்து, ஒரு பொட்டலத்தின் லாபத்தோடு ஒப்பிட்ட பிறகே இலவச விநியோகம் அறிவியுங்கள். அறிவித்ததைத் திரும்பப் பெறுவது கடினம்.

10. எதை எப்போது

முதல் இரண்டு வாரம் அளத்தல். மூன்றாம் நான்காம் வாரங்களில் வரிசையைப் பிரிப்பதும் கூடை முறையும். ஐந்தாம் வாரம் இருப்புக் கணக்கு, முதலில் அதிகம் விற்கும் ஐம்பது மருந்துகளுக்கு மட்டும். ஆறாம் வாரத்திலிருந்து மாதாந்தர இணைப்பு. வாரம் பத்துப் பதினைந்து பேர் என்ற வேகத்தில் 360 பேரைச் சேர்க்க ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும், அவசரப்படுத்த வேண்டாம். மென்பொருளையும் கடை அமைப்பையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். மாதத்தின் முதல் வாரத்திலும் நீண்ட விடுமுறைக்கு முந்தைய வாரத்திலும் புதிதாக எதையும் தொடங்காதீர்கள்.

மூன்றாவது மாத முடிவில் அதே துண்டுத் தாளை மீண்டும் இரண்டு வாரம் இணைத்துப் பாருங்கள். உச்ச அரைமணியின் காத்திருப்பு, இருப்பில்லாமல் திரும்பியவர்கள், கொடுக்கும் முன் பிடிபட்ட பிழைகள் ஆகிய மூன்றையும் பழையவற்றோடு ஒப்பிடுங்கள். ஏட்டில் பிழைகள் கூடியிருந்தால் உடனே பதற வேண்டாம், முன்பு எழுதாததை இப்போது எழுதுகிறார்கள் என்பதாலும் கூடும். நோயாளி கைக்குப் போய்ச் சேர்ந்த பிழை ஒன்று கூடியிருந்தாலும், மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும், கடைசியாகச் செய்த மாற்றத்தை நிறுத்திவிட்டு அந்தச் சீட்டின் ஐந்து நேரங்களையும் முதலில் எடுத்துப் பாருங்கள்.